கடற்சுழல்கள் எப்போது இணைகின்றன? வங்கக் கடலின் கடைமடையில் நடப்பது

ஐப்பசி பிறந்ததும் காவிரிப் படுகையில் வானிலைச் செய்திக்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது. சம்பா நட்டவர், தாளடிக்கு உழுதவர், விசைப்படகைக் கரையில் கட்டிப்போட்டவர் என எல்லோரும் ஒரே அறிவிப்புக்குத்தான் காதுகொடுக்கிறார்கள். அந்த அறிவிப்பில் 'மேலடுக்கு சுழற்சி' என்ற சொல் நெடுநாளாகவே உண்டு. இப்போது அதனோடு 'கடலில் வெப்பச் சுழல்', 'இரண்டு சுழல்கள் இணைகின்றன' என்பன போன்ற வரிகளும், சிவப்பும் நீலமுமாக வட்டங்கள் நிறைந்த வரைபடங்களும் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. இவற்றை எல்லாம் ஒன்றென எண்ணிப் படிப்பவருக்கு, நடுக்கடலில் ஏதோ பெரும் நீர்ச்சுழி வாய் பிளந்து நிற்கிறது என்றோ, இரண்டு சுழல்கள் சேர்ந்தால் புயல் இரட்டிப்பாகும் என்றோ தோன்றுவது இயல்பு. இரண்டுமே பிழை. கடற்சுழல் என்பது என்ன, இரண்டு சுழல்கள் எந்த நிலையில் ஒன்றாகின்றன, அதனால் நாகை, காரைக்கால் கரைக்கு என்ன நேர்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

எந்தச் சுழலைப் பற்றிய பேச்சு?

மூன்று சுழல்களைப் பிரித்தறிந்துகொண்டால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

1. ஆற்றுச் சுழி. மதகைத் திறந்துவிட்டதும் ஷட்டருக்குக் கீழேயும், பாலத் தூணுக்குப் பின்புறமும் தோன்றுவது. அகலம் ஓரிரு அடி முதல் சில மீட்டர் வரை. ஆயுள் சில நொடிகள் அல்லது சில நிமிடங்கள். ஆளை இழுத்துக்கொள்வது இந்தச் சுழிதான்.

2. வளிமண்டலச் சுழற்சி. காற்றில் ஏற்படுவது. மேலடுக்கு சுழற்சி, காற்றழுத்தத் தாழ்வு, புயல் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

3. கடற்சுழல். கடல்நீரே பல பத்து முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் வரை அகன்ற வட்டமாக, மேற்பரப்பிலிருந்து சில நூறு மீட்டர் ஆழம் வரை, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ மெல்லச் சுழல்வது. இதன் நடுவில் படகில் நிற்பவர் எதையும் உணர மாட்டார். நீர் குழிந்தும் இருக்காது, இரைச்சலும் இருக்காது.

கடற்சுழல்களிலும் இரண்டு வகை உண்டு. அவற்றைக் குறிக்க நம் ஊர்ப் பெயர் ஒன்றே கைகொடுக்கிறது. காவிரி வலமாகச் சுழித்துச் செல்லும் இடம் என்பதால் கும்பகோணத்தை அடுத்த ஊருக்குத் திருவலஞ்சுழி என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்லும். அவ்வாறு கடிகார முள்ளின் திசையில் சுழல்வதை வலஞ்சுழி என்றும், அதற்கு எதிராகச் சுழல்வதை இடஞ்சுழி என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் நம் கடலில் வலஞ்சுழியின் நடுப்பகுதி சற்று மேடாகவும், கீழே வெதுவெதுப்பான நீர் தடித்தும் இருக்கும். இடஞ்சுழியின் நடுப்பகுதி சற்றுப் பள்ளமாக இருக்கும். அடியிலுள்ள குளிர்ந்த நீர் அங்கே மேல்நோக்கி உயர்ந்து நிற்கும். புயலும் நம் பக்கத்தில் இடஞ்சுழிதான், ஆனால் அது காற்றில் நிகழும் இடஞ்சுழி. தென்பாதிக் கோளத்தில் இந்தத் திசைகள் அப்படியே மாறிவிடும்.

மேடான நீர் ஏன் பரவிச் சமமாகிவிடுவதில்லை?

பரம்படித்த வயலில் ஒரு மூலையில் நீர் மேடாக நிற்பதில்லை. மடை திறந்த சற்று நேரத்தில் பரவிச் சமமாகிவிடும். கடலில் மட்டும் அந்த மேடு மாதக்கணக்கில் எப்படி நிலைக்கிறது? புவி சுழல்வதால் விளையும் கொரியோலிஸ் விசைதான் காரணம். வடபாதிக் கோளத்தில் இவ்விசை, ஓடும் பொருள் எதையும் வலப்பக்கம் திருப்புகிறது. மேட்டிலிருந்து வழிய முற்படும் நீர் வலப்புறம் திரும்பித் திரும்பி, கடைசியில் வெளியே போகாமல் மேட்டைச் சுற்றியே ஓடத் தொடங்குகிறது. நீரின் எடை வெளியே தள்ளுகிறது, கொரியோலிஸ் விசை உள்ளே தள்ளுகிறது, இரண்டும் சமன் ஆகின்றன.

ஆற்றுச் சுழிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கொரியோலிஸ் விசை தன் வேலையைக் காட்ட நேரம் வேண்டும். நாகை இருக்கும் 11 பாகை அகலாங்கில், தடையின்றி ஓடும் நீர் இவ்விசையால் ஒரு முழு வட்டம் அடிக்க ஏறத்தாழ 63 மணி நேரம் ஆகும். மூன்று நொடிக்கு ஒரு சுற்று சுற்றும் ஆற்றுச் சுழியை அது ஒன்றும் செய்ய இயலாது. ஆகவேதான் ஆற்றில் இரு திசைச் சுழிகளும் அருகருகே காணப்படுகின்றன.

மேட்டின் அளவைக் கேட்டால் வியப்பாக இருக்கும். கல்லணையிலிருந்து நாகை வரை நேர்கோட்டில் ஏறத்தாழ 110 கி.மீ. அதைவிடச் சற்றுக் குறைவான தொலைவில், அதாவது 100 கி.மீ. நீளத்தில், கடல்மட்டம் 15 செ.மீ. உயர்கிறது என்று கொள்வோம். ஒரு சாணுக்கும் குறைவான இந்தச் சாய்வு நம் அகலாங்கில் நொடிக்கு அரை மீட்டர் வேகமுள்ள ஓட்டத்தைத் தாங்குகிறது. அது ஏறத்தாழ ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) வேகம். நாளொன்றுக்கு 45 கி.மீ. 100 கி.மீ. ஆரமுள்ள சுழலின் விளிம்பில் விடப்பட்ட ஒரு மிதவை முழுச் சுற்று வந்து சேர இரண்டு வாரம் ஆகும். படகை இழுத்து விழுங்கும் சுழல் அன்று இது. வலையை நாள் முழுதும் எதிர்பாராத திசையில் தள்ளிக்கொண்டே போகும் சுழல்.

இணைவதற்கு வேண்டிய நிலைகள்

இரண்டு கடற்சுழல்கள் அருகருகே வந்தால் ஒவ்வொன்றும் மற்றதைத் தன் ஓட்டத்தால் நகர்த்துகிறது. இரண்டும் ஒரே திசையில் சுழல்வனவாக இருந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு புள்ளியை மையமாக்கி அவை ஒன்றையொன்று சுற்றிவரும். ஜப்பானிய வானிலை அறிஞர் சகுஹெய் புஜிவாரா 1921-இல் விவரித்ததால், புயல்களில் இதைப் புஜிவாரா விளைவு என்கிறார்கள். அவர் இந்த இயல்பை நீர்ச்சுழல்களிலும் ஆராய்ந்தவர் என்பது பலருக்கும் தெரிவதில்லை. ஆனால் சுற்றிவருவது வேறு, இணைவது வேறு. இணைய வேண்டுமானால்:

1. சுழலும் திசை ஒன்றாக இருக்க வேண்டும். வலஞ்சுழியும் இடஞ்சுழியும் ஒருபோதும் ஒரே சுழலாக ஆவதில்லை.

2. மையங்களுக்கு இடையிலான தொலைவு ஓர் எல்லைக்குள் வர வேண்டும். அளவிலும் வலிமையிலும் ஒத்த, சீரான இரண்டு வட்டச் சுழல்களுக்கு அந்த எல்லை ஆரத்தைப் போல ஏறத்தாழ 3.3 மடங்கு என்று கணக்கீடுகளும், சுழலும் தொட்டிகளில் செய்த சோதனைகளும் காட்டியுள்ளன. 50 கி.மீ. ஆரமுள்ள இரண்டு சுழல்கள் என்றால் மையங்கள் 165 கி.மீ. தொலைவுக்குள் வர வேண்டும். அப்போதும் விளிம்புகளுக்கு இடையே 65 கி.மீ. இடைவெளி இருக்கும். அதாவது இவை தொட்டுக்கொண்ட பிறகு இணைவன அல்ல, தொடும் முன்பே இணையத் தொடங்குவன. எல்லைக்கு வெளியே இருந்தால் நெடுநாள் சுற்றிவந்துவிட்டு, மற்ற ஓட்டங்களின் தள்ளுதலால் பிரிந்தும் போகலாம்.

3. வலிமையில் பெரும் ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது. இருந்தால் வலியது மெலியதை நூலாக இழுத்துத் தன்னைச் சுற்றிச் சுருட்டிக்கொள்ளும். வரைபடத்தில் அதுவும் இணைந்ததுபோலத்தான் தெரியும். உண்மையில் ஒன்று கிழிந்து அழிந்திருக்கும்.

4. இரண்டும் ஏறத்தாழ ஒரே ஆழத்து நீரடுக்கில் இருக்க வேண்டும். இந்த நான்காவது நிலையைச் செய்திகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

இணையும்போது என்ன நடக்கிறது?

ஆற்றில் நீர் நிறைந்து ஓடும்போது பாலத்தின் கீழ்ப்புறக் கைப்பிடியைப் பிடித்து நின்று பார்ப்பவர் இதன் சிறு வடிவத்தைக் கண்ணாலேயே காணலாம். ஒவ்வொரு தூணின் இரு பக்கத்திலிருந்தும் மாறி மாறி வலஞ்சுழி ஒன்று, இடஞ்சுழி ஒன்று என்று கழன்று போகும். சுழியின் நடுவில் அகப்பட்ட ஆகாயத்தாமரை இலை நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டு நகரும். விளிம்பிலுள்ள நுரையும் வைக்கோலும் வட்டக் கோடாக நீளும். அடுத்த தூணிலிருந்து வரும் ஒரே திசைச் சுழி இதன் அருகே வந்தால், முதலில் இரண்டும் ஒன்றையொன்று சுற்றத் தொடங்கும். பிறகு எதிரெதிராக உள்ள பக்கங்கள் கூராக நீண்டு வளையும். நுரைக்கோடு ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும். கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு குழிகளும் ஒரே குழியாகி, வெளியே இரண்டு நுரை வால்கள் மட்டும் வளைந்து எஞ்சும்.

அந்த வால்கள்தான் இணைப்பின் உயிர்நிலை. இரண்டு மையங்கள் நடுவை நோக்கி நெருங்க வேண்டுமானால், அதற்கு ஈடாகச் சுழல்நீரின் ஒரு பங்கு வெளியே வீசப்பட்டே ஆக வேண்டும். ஏற்றப்பலகையில் ஓரத்தில் அமரும் சிறுவன், நடுவருகே அமரும் பெரியவருக்கு ஈடாவதைப் போல, தொலைவுக்கு வீசப்படும் சிறிதளவு நீர் நடுவில் குவியும் பெருமளவு நீருக்கு ஈடாகிறது. ஆகவே 50 கி.மீ. ஆரமுள்ள இரண்டு சுழல்கள் இணைந்தால் 100 கி.மீ. ஆரமுள்ள சுழல் பிறப்பதில்லை. பரப்பு முழுவதும் எஞ்சினாலே ஆரம் 70 கி.மீ. அளவில்தான் இருக்கும், வால்களில் போனதைக் கழித்தால் அதைவிடக் குறைவு. சுழலும் வேகமும் இரட்டிப்பாவதில்லை. சுழல் பெரிதாகிறது, ஆயுள் கூடுகிறது, கடுமை கூடிவிடுவதில்லை. 'இரண்டு மடங்கு வலிமை' என்ற தலைப்பைக் காணும்போது இந்தக் கணக்கை நினைவில் கொள்வது நல்லது.

சிறியவை சேர்ந்து பெரியதாகும் இந்தப் போக்கு, தட்டையான நீரோட்டங்களுக்கே உரிய இயல்பு. அடுப்பில் கொதிக்கும் நீரில் பெரிய சுழல் சிறிய சுழல்களாக உடைந்து உடைந்து வெப்பமாகிவிடும். கடற்சுழலோ 200 கி.மீ. அகலத்துக்கு மிஞ்சிப்போனால் ஒரு கி.மீ. ஆழம் கொண்டது. அந்த விகிதத்தில் 30 செ.மீ. தோசை வார்த்தால் அதன் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர்தான். இவ்வளவு தட்டையான ஓட்டத்தில் ஆற்றல் சிறியதிலிருந்து பெரியதை நோக்கிச் செல்லும் என்பதை ராபர்ட் கிரெய்க்னன் 1967-இல் கோட்பாடாக நிறுவினார். வியாழன் கோளில் இது மனிதர் கண்முன்னே நடந்தது. அறுபது ஆண்டுகளாகத் தொலைநோக்கிகளில் தெரிந்துவந்த மூன்று வெண்ணிற நீள்வட்டச் சுழல்களில் இரண்டு 1998-இல் இணைந்தன. அவ்வாறு உருவானது 2000-இல் மூன்றாவதோடும் இணைந்து ஒரே சுழலாயிற்று.

கடலில் இன்னொரு சிக்கல் உண்டு. கடல்நீர் உப்பாலும் வெப்பத்தாலும் அடுக்கடுக்காகப் பிரிந்து கிடக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இரண்டு வெப்பச் சுழல்கள் இணைந்ததைக் கப்பலிலிருந்து அளந்து 1982-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டின் நீரும் ஒன்றாகக் கலந்துவிடவில்லை என்பது தெரியவந்தது. அடர்த்தி குறைந்த சுழலின் நீர் மேலாகவும், அடர்ந்ததன் நீர் கீழாகவும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்றன. வானிலிருந்து பார்த்தால் ஒரு சுழல். வெப்பமானியைக் கீழே இறக்கினால் இரண்டு.

எதிர்த்திசைச் சுழல்கள்

வலஞ்சுழியும் இடஞ்சுழியும் நெருங்கினால் ஒன்றையொன்று சுற்றாமல் ஏர் பூட்டிய மாடுகளைப் போல இணையாக ஒரே திசையில் நகரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரைவோட்டம் பாயும். கரையோரத்துச் சத்துமிகுந்த நீரை நடுக்கடலுக்கு இழுத்துச் செல்வது இந்த நடு ஓட்டமே.

வங்கக் கடலில் நம் கரைக்கு மட்டும் ஏன் இத்தனை சுழல்கள்?

கொரியோலிஸ் விசை வடக்கே போகப்போக வலுப்பதால், கடற்சுழல்கள் தாமாகவே மேற்கு நோக்கி நகர்கின்றன. வங்கக் கடலில் இந்த நகர்வு நாளொன்றுக்குச் சில கிலோமீட்டர் முதல் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரை இருக்கும். மேற்கே போனால் இந்தியக் கரை. முன்னே வந்தது கரையில் தட்டி நிற்க, பின்னே வந்தது அதை எட்டிப் பிடிக்கிறது. மேட்டூரில் திறந்த நீர் கடைசியில் வந்து தேங்குவது கடைமடையில் என்றால், வங்கக் கடலின் சுழல்களுக்குக் கடைமடை நம் கிழக்குக் கரை. இணைவதும் அழிவதும் இங்கே மிகுதியாக நடப்பதற்கு இதுவே முதற்காரணம்.

இதோடு கரையை ஒட்டிய கடலோட்டமும் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. மாசி, பங்குனியில் அது வலுவாக வடக்கே போகும். ஐப்பசி முதல் மார்கழி வரை தெற்கே வரும். சென்னைப் பக்கத்து மீனவர் இவற்றை முறையே தெண்டி என்றும் வன்னி என்றும் அழைப்பர். ஓட்டம் திசை மாறும் இடைக்காலத்தில் அது வளைந்து நெளிந்து, வளைவுகள் கழன்று புதிய சுழல்களாகின்றன. இலங்கைக்குக் கிழக்கே தென்மேற்குப் பருவக்காலத்தில் ஆண்டுதோறும் ஒரு பெரிய இடஞ்சுழி உருவாவதும் அறியப்பட்டதே. கோடியக்கரைக்கு அப்பால் இவை நுழைவதில்லை. பாக் நீரிணையின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அடங்குவதால், நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் கேட்கும் சுழலுக்கு அங்கே இடமில்லை.

பருவமழைக்காலத்தில் இணையும் பெருஞ்சுழல்களுக்கு அரபிக்கடலிலும் சான்று உண்டு. சோமாலியக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றால் உருவாகும் இரண்டு வலஞ்சுழிகளில் தெற்கே இருப்பது வடக்கே நகர்ந்து மற்றதோடு சேர்ந்ததை 1979-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர்.

எப்படிக் காண்கிறார்கள்?

கடல்மட்டத்தின் உயரத்தை ரேடாரால் அளக்கும் செயற்கைக்கோள்களே முதன்மைக் கருவி. 1992-இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்-பொசைடன் இதற்கு வழிவகுத்தது. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய சரள் 2013 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. வெப்பநிலைப் படங்கள் மட்டும் போதாவா என்று கேட்கலாம். மற்றக் கடல்களில் ஓரளவு போதும். வங்கக் கடலில் போதா. கங்கையும் பிரம்மபுத்திராவும் மழையும் கொட்டும் நன்னீர் மேலே மெல்லிய போர்வையாகக் கிடப்பதால், அடியில் குளிர்ந்த இடஞ்சுழி இருந்தும் மேற்பரப்பு வெதுவெதுப்பாகவே தெரியும்.

பழைய செயற்கைக்கோள்கள் தாம் போகும் பாதைக்கு நேர் கீழே மட்டுமே அளந்தன. இரண்டு பாதைகளுக்கு இடைப்பட்ட கடல் கணிப்பால் நிரப்பப்பட்டது. அந்த நிரப்பலில், அருகருகே உள்ள இரண்டு சுழல்கள் ஒரே வட்டமாகத் தோன்றி, அடுத்த வாரம் மீண்டும் இரண்டாகிவிடும். எனவே ஒரு நாள் வரைபடத்தைக் கொண்டு 'இணைந்தன' என்று சொல்லக் கூடாது. சில வாரங்கள் தொடர்ந்து ஒன்றாக இருந்து, விளிம்பில் வால்களும் தென்பட்டால் நம்பலாம். 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் அகன்ற பட்டையாகவே கடலை அளப்பதால் இந்த இடர்ப்பாடு பெரிதும் குறைகிறது.

கரைக்கு வரும் விளைவுகள்

1. புயலின் தீனி. புயல் வளரக் கடல்நீர் 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொது அளவு. மேற்பரப்பு மட்டும் அவ்வாறு இருந்தால் போதாது. புயலின் காற்று கடலைக் கலக்கி அடிநீரை மேலே கொண்டுவரும். வலஞ்சுழியில் வெதுநீர் ஆழமாக இருப்பதால், கலக்கினாலும் வெதுநீரே மேலே வரும், புயலுக்குத் தீனி குறையாது. மெக்சிகோ வளைகுடாவில் 2005-இல் கத்ரினா இத்தகைய வெதுநீரின் மீது கடந்தபோதுதான் கடுமையாக வலுத்தது. இடஞ்சுழியில் குளிர்நீர் சீக்கிரம் மேலே வந்துவிடும். இரண்டு வலஞ்சுழிகள் இணைந்தால் புயல் கடக்கும் வழியில் வெதுநீர்ப் பரப்பு நீள்கிறது. இணைப்பு முதன்மையாக வேலை செய்வது இங்கேதான். ஆயினும் கடல் ஒன்றே புயலைத் தீர்மானிப்பதில்லை. மேலடுக்குக் காற்றின் வேகமாறுபாடும் உலர்ந்த காற்றும் அதை முறித்துவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா தீவிரப் புயலாகவே வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே கரையேறித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2013 டிசம்பரில் நடுக்கடலில் மிகத் தீவிரமாக இருந்த மாதி, அதே வேதாரண்யம் அருகே வலுவிழந்த தாழ்வு மண்டலமாகத்தான் வந்தது. ஒரு புயலின் முடிவை ஒரு சுழலின் கணக்கில் எழுதுவது அவசர முடிவாகும்.

2. மீன். இடஞ்சுழியின் நடுவில் அடிநீர் உயர்வதால் சத்துப்பொருள்கள் வெளிச்சத்துக்கு வந்து நுண்பாசி பெருகும். இணைப்பின்போது வீசப்படும் வால்கள் சில கிலோமீட்டர் அகலத்தில் இந்தப் பச்சைநீரை நெடுந்தொலைவு நீட்டுகின்றன. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் மீன்வள வாய்ப்பு மண்டல அறிவிப்புகள் வெப்பநிலையையும் நுண்பாசியின் பச்சையத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. அவற்றில் வளைந்த கோடுகளாகக் குறிக்கப்படும் இடங்கள் பல இத்தகைய விளிம்புகளே. சுழல் நகர்ந்துகொண்டே இருப்பதால் நேற்றைய கோட்டுக்கு இன்று டீசல் செலவழிப்பது பயன் தராது.

3. வடிகால். நாகைக் கரையில் ஓத ஏற்றயிறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இவ்வளவு சிறிய ஓதமுள்ள கரையில் பத்து, இருபது செ.மீ. மாற்றமும் பெரிது. ஓடும் நீருக்கு வலப்பக்கம் மட்டம் உயரும் என்ற விதிப்படி, ஐப்பசி முதல் மார்கழி வரை தெற்கே ஓடும் கடலோட்டத்துக்கு வலப்பக்கம் நம் கரை. ஆகவே வடகிழக்குப் பருவமழை கொட்டும் அதே மாதங்களில் கரையோரக் கடல்மட்டமும் ஆண்டின் உச்சத்தை எட்டுகிறது. கரையை நெருங்கி நிற்கும் இடஞ்சுழியின் மேற்கு விளிம்பு தெற்கே ஓடுவதால் இந்த ஓட்டத்துக்கு அது வலுச்சேர்க்கும். வலஞ்சுழியின் மேற்கு விளிம்பு வடக்கே ஓடுவதால் எதிர்த்து நிற்கும். சிறிய சுழல் ஓரிரு வாரங்களில் கடந்து போய்விடும். இணைந்து பெரிதான சுழல் அதே இடத்தில் நெடுநாள் நிற்கக்கூடும். வெட்டாறு, அரசலாறு முகத்துவாரங்களில் கடல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே கடைமடை ரெகுலேட்டரைத் திறந்தால் வயல்நீர் வெளியே போகுமா, உவர்நீர் உள்ளே ஏறுமா என்பது முடிவாகிறது. மழையளவோடு கடல்மட்ட வரைபடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய மாதங்கள் அவை. அந்த வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது காரைக்காலுக்கு நேர் கிழக்கே இருப்பது வலஞ்சுழியா இடஞ்சுழியா என்பதும், அதன் பின்னால் அதே திசையில் சுழலும் மற்றொன்று எட்டும் தொலைவில் வந்துகொண்டிருக்கிறதா என்பதும்.